கோயிலுக்கு ஐம்பது மீட்டர், குடியிருப்புக்கு எத்தனை?

மதுக்கடைக்கும் கோயிலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டுமெனச் சட்டம் அளந்து வைத்துள்ளது. பள்ளிக்கும் கடைக்கும் இடையேயும் அளந்து வைத்துள்ளது. ஆயின், மாந்தர் உண்டு உறங்கி மக்களைப் பெற்று வளர்க்கும் வீட்டுக்கும் மதுக்கடைக்கும் இடையே ஓர் அடியேனும் அது அளந்ததில்லை. குடியிருப்போர் படும் அல்லல்களின் ஆணிவேர் இந்த அளவாத இடைவெளியே ஆகும்.

2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள், மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் வழிபாட்டிடத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாதென்கின்றன. பிற ஊர்களில் 100 மீட்டர். வணிகப் பகுதியென வரையறுக்கப்பட்ட இடமாயின் அந்தக் கட்டும் இல்லை. இவ்விதிகள் பிறந்த தாய்ச்சட்டத்தின் பெயரோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்! விலக்குதற்கென்று எழுந்த சட்டத்தின் நிழலிலேயே விற்பனை நடைபெறுகின்றது.

சோழநாட்டில் வைத்து இவ்விதியைப் பார்த்தால் அதன் முறைகேடு விளங்கும். தெருவுக்கும் தெருவுக்கும் இடையே வயலும் வாய்க்காலும் கிடக்கும் சிற்றூருக்கு 100 மீட்டர். ஒரே சுவர் இரு வீட்டையும் தாங்கும் தஞ்சைக்கும் குடந்தைக்கும் 50 மீட்டர். நெருக்கம் மிகுந்த இடத்தில் காப்புக் குறைவு. நெருக்கம் குறைந்த இடத்தில் காப்பு மிகுதி! இஃது எந்த ஊர் முறை?

இரைச்சலைப் பற்றியும் சட்டம் பேசாமலில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டுள்ளன. இரவு என்பது 10 மணிக்குத் தொடங்குகின்றது. அருகிருந்து இயல்பாகப் பேசும் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபெல் எனின், குடித்தவன் கூச்சல் எவ்வளவாகும்? அரசு மதுக்கடைக்கு 2016இல் வகுக்கப்பட்ட நேரம் நண்பகல் 12 முதல் இரவு 10 வரை. ஆகவே சட்டத்தின் இரவு எந்நொடியில் பிறக்கின்றதோ, அந்நொடியிலேயே குடித்த கூட்டம் தெருவில் இறக்கிவிடப்படுகின்றது. வண்டிகளின் உறுமலும், வசைச் சொற்களும், கைகலப்பும் திண்ணைக்கு வந்து சேர்கின்றன. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், விடியலில் நடவுக்குச் செல்ல வேண்டிய பெண்ணும் அதனைக் கேட்டுக்கொண்டே விழித்திருக்க வேண்டியதுதான்.

தஞ்சைக் கீழவாசலில் மீன்சந்தைக்கு எதிரே இருந்த குடிப்பகத்தில், 2023 மே 21 அன்று, கடை திறக்கும் நேரத்துக்கு முன்னரே வாங்கிக் குடித்த இருவர் மாண்டனர். உடலாய்வில் சயனைடு நஞ்சு தென்பட்டது. நஞ்சு வந்த வழியை ஆராய்வது காவல்துறையின் வேலை. ஆயின், பூட்டியிருக்க வேண்டிய நேரத்தில் நடக்கும் விற்பனை அலுவலர் கண்ணுக்கு மறையலாம். அண்டை வீட்டார் கண்ணுக்கு மறையுமா? அவர்களைக் கேட்கும் வழக்கம் இருந்திருப்பின் இரண்டு உயிர்கள் எஞ்சியிருக்கவும் கூடும்.

ஏன் கேட்பதில்லை? 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கழகத்திடமே உள்ளது. விற்பவரும் அரசு, உரிமம் வழங்குபவரும் அரசு, முறையீடு கேட்பவரும் அரசு. 2023–24இல் மட்டும் இவ்வழியில் வந்த வருவாய் 45,855 கோடி உருவா. தராசின் ஒரு தட்டில் இத்தொகை கிடக்க, மறுதட்டில் ஒரு தெருவின் உறக்கம் எவ்வளவு நிறை காட்டும்?

நெடுஞ்சாலைகளிலிருந்து கடைகளை அகற்றுமாறு உச்ச நயன்மன்றம் 2016 திசம்பரில் ஆணையிட்டது. 2017 ஏப்பிரலில் மூடப்பட்ட கடைகளுக்கு மாற்றிடமாகக் குடியிருப்புகள் தேடப்பட்டன. சாலையிற் செல்வோன் காக்கப்பட்டான். வீட்டில் இருப்போன் கைவிடப்பட்டான்! அந்தக் கோடையில் தமிழகமெங்கும் கடைகளின் முன்னே அமர்ந்தவர்கள் பெண்களே. அதற்கு ஈராண்டு முன்னர், 2015 சூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்திலேயே சசிபெருமாள் உயிர் நீத்தார். ஒரு கடையை இடம் மாற்ற ஓர் உயிர் வேண்டியிருந்தது என்பது நாட்டுக்கு இழிவன்றோ?

மொழிக்கும் இதில் இழிவு நேர்ந்துள்ளது. ‘மன்றம்’ என்பது ஊரார் மரத்தடியில் கூடி முறை வழங்கிய இடத்தின் பெயர். இன்று ‘மனமகிழ் மன்றம்’ என்னும் பலகையின்கீழ்க் குடிப்பகம் நடக்கின்றது. ஊர்வாய் திறந்த இடத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஊர்வாயை அடைக்கின்றனர்!

‘கடைகளைக் குறைத்தால் கள்ளச்சாராயம் பெருகும்’ என்பர். அவ்வழக்கு வேறு. இங்குக் கேட்பது, கடை எங்கே அமைவதென முடிவுசெய்வார் யார் என்பது. குடியை வெறுக்காத இங்கிலாந்திலேயே 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் பொதுத்தொல்லைத் தடுப்பை உரிமத்தின் நோக்கங்களுள் ஒன்றாக்கியுள்ளது; அண்டையில் வாழ்வோர் உரிமத்தை எதிர்த்து உரைக்கவும், வழங்கிய உரிமத்தை மறுஆய்வு செய்யக் கோரவும் அங்கு இடமுண்டு. ஊரவை கண்ட சோழமண்டலத்துக்கும் அவ்வுரிமை வேண்டாவோ?

2023 ஏப்பிரலில் திருமண மண்டபங்களிலும் மது வழங்க உரிமம் என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்பெழவே மண்டபங்களுக்கான பகுதி கைவிடப்பட்டது. எனவே குரல் எழுந்தால் கோல் வளையும். வீட்டுக்கும் தொலைவு வகுக்கப்பட வேண்டும். கடையாயினும், விடுதியாயினும், மன்றமாயினும், சூழவுள்ள வீட்டாரைக் கேட்டபின்னரே உரிமம் வழங்கவும் புதுப்பிக்கவும் வேண்டும். இரவு ஒலியை அளப்பது அலுவலரின் கடமையாக வேண்டும். வரம்பு மீறினால் உரிமம் பறிபோக வேண்டும்.

தெருவின் இசைவின்றி உரிமம் இல்லை! இவ்வொரு தொடர் சட்டத்தில் ஏறும்வரை ஊர்கள் ஓயலாகாது!