துப்பறிய ஆள் வேண்டுமா?

பையன் தண்டவாளத்தில் கிடப்பான். போலீஸ் ‘தற்கொலை’ என்று எழுதும். தோவாளையோ அகஸ்தீஸ்வரமோ, நம்ம காலனியில் உடனே ஒரு பேச்சு எழும்: “பைசா போனா போவுது, ஒரு டிடெக்டிவ வைப்போமா?”

தோழர்களே, தெரிந்து வையுங்கள். துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007-இல் வந்த மசோதா சட்டமாகவே இல்லை. உரிமம் பார்த்து ஆள் பிடிக்க வழியில்லை. கைது செய்யவோ போன் பதிவு வாங்கவோ அவருக்கு அதிகாரமில்லை. எதிராளி கூடுதல் கொடுத்தால் யாருக்குச் சொல்வார்?

வழக்கை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதியச் சொல்லிப் போராடுங்கள். 1995 விதிகளின்படி டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். நாம் கேட்டால் மூத்த வழக்கறிஞரைக் கலெக்டர் அமர்த்தலாம்.

2015-இல் கோகுல்ராஜும் பள்ளிபாளையம் தண்டவாளத்தில்தான் கிடந்தார். தாய் சித்ரா விடவில்லை. ப.பா. மோகன் அரசுத் தரப்பில் வாதாடினார். திருச்செங்கோடு கோயில் கேமரா சாட்சி சொன்னது. 2022-இல் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

கேமரா பதிவு அழியுமுன் கைப்பற்றச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். டிடெக்டிவுக்குச் சேர்த்த பைசா வழக்குக்கு ஆகட்டும். துப்புத் துலக்குவது அரசின் கடமை. செய்ய வைப்பது நம்ம வேலை.