கோடிப்பக்கத்திலிருந்து ஒரு பதில்

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் எழுதும் கவிதைகளில் 'முற்றம்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? முற்றத்து நிலா, முற்றத்து மணல், முற்றத்து மல்லிகை. தொகுதிக்குத் தொகுதி அதே முற்றம். ஜேர்மனியின் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவிவிட்டு, இரவு ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி இவற்றை வாசிக்கிற நாங்கள் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது: நீங்கள் பாடுகிற முற்றம் வளவின் ஒரு பக்கம் மட்டும்தான். மற்றப் பக்கத்துக்கு ஊரில் வேறு பெயர் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றியுள்ள வெளிக்கு ஒரு சொல் போதாது. வேலிக்குள் அடங்கிய முழு நிலமும் வளவு. வீட்டுக்கு முன்னால் கூட்டித் தெளித்து வைத்திருப்பது முற்றம். வீட்டுக்குப் பின்னால், அடுப்புச் சாம்பலும் கழிவுநீரும் போகிற இடம் கோடி. புகையிலையும் வெங்காயமும் போடுகிற நிலம் தோட்டம். அதைப் பூந்தோட்டம் என்று விளங்கிக்கொள்கிறவர் ஊரவரல்லர். இருபக்கமும் வேலி நிற்க நடுவே போவது ஒழுங்கை. அயலட்டை போய்வர வேலியில் விட்ட ஓட்டை பொட்டு.

இவை வெறும் இடப்பெயர்களல்ல. யார் எதுவரை வரலாம் என்ற சட்டம் ஒவ்வொரு சொல்லிலும் எழுதப்பட்டிருந்தது. சம்பந்தம் பேச வருபவர் முற்றத்தால் வருவார். பக்கத்து வளவுச் சொந்தக்காரி பொட்டால் வருவாள். மரமேறுகிறவரும், வெளுக்க உடுப்பு எடுக்க வந்தவரும் கோடியால்தான் வரவேண்டும். தேத்தண்ணி சிரட்டையில். கிணற்றுக்கட்டில் ஏறமுடியாது, யாராவது வார்க்கும்வரை கையேந்தி நிற்கவேண்டும். 'கோடிப்பக்கம் வரச்சொல்லு' என்ற இரண்டு சொல்லுக்குள் முழுச் சாதியமும் அடங்கியிருந்தது. தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்கு ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவேண்டியிருந்தது. கடையையும் கோயிலையும் பற்றியாவது சட்டம் பேசியது. வளவோ தனியார் சொத்து. அங்கே சட்டத்துக்கும் படலைக்கு வெளியேதான் இடம்.

'போர் எல்லாவற்றையும் அழித்துவிட்டதே, இப்போது ஏன் இந்தக் கதை?' என்பீர்கள். சரி, போரையே எடுப்போம். வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அரசு 2009இல் முட்கம்பிக்குள் அடைத்தது. அந்த முகாம்களில் மிகப் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாமை 'நலன்புரிக் கிராமம்' என்றது. எல்லோரும் கொதித்தோம். கொதித்தது சரி. வேலியை மறைக்கிற சொல் பொய்ச்சொல். அதே அளவுகோலை எங்களுடைய சொற்களுக்கும் வைக்கக்கூடாதா? 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கும் முற்றம் இருந்தது. உங்கள் தொகுதிகளில் எத்தனையில் அது வருகிறது?

நாங்கள் வாழுகிற இந்த நாட்டைப் பாருங்கள். இவர்களுடைய மொழியில் அரசவைக்கும் 'ஹோஃப்', குப்பைத்தொட்டி நிற்கிற முற்றத்துக்கும் 'ஹோஃப்'. பின்முற்றத்துக்குத் தனிச்சொல் உண்டு: 'ஹின்ரர்ஹோஃப்'. பேர்ளினின் 1853ஆம் ஆண்டுக் கட்டட விதி, மாடிவீடுகளுக்கு நடுவே விடும் முற்றம் 5.34 மீற்றருக்கு 5.34 மீற்றர் இருந்தால் போதும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு இடம் வேண்டும். மனிதருக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது கணக்கில் இல்லை. அந்த இருட்டுக்குள் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கிக் கிடந்தன. ஆனால் அதைக் கலை மறைக்கவில்லை. ஹைன்ரிஹ் ஸில்லே என்ற ஓவியர் அந்தப் பின்முற்றத்துப் பிள்ளைகளை வரைந்தே புகழ்பெற்றார்.

உணவகத்திலும் எங்களுக்கு அந்த வழிதான். சாப்பிட வருபவருக்கு முன்வாசல், குசினிக்காரனுக்குப் பின்முற்றம். ஊரில் முற்றத்தில் சாய்மனைக் கதிரை போட்டிருந்தவரின் மகனும், கோடியில் நின்றவரின் மகனும் இங்கே ஒரே குப்பைப் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள். ஆனால் கலியாணப் பேச்சு வந்தவுடன் 'ஊரில எந்தப் பக்கம்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அது ஊர்ப்பெயரைக் கேட்கிற கேள்வியல்ல. முற்றமா, கோடியா என்பதுதான் கேள்வி. முப்பது, நாற்பது வருடப் பனியிலும் உறைந்துபோகாத கேள்வி!

முற்றத்தைப் பாடவேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. இழந்தவருக்கு அழ உரிமையுண்டு. அடுத்த கவிதையில் கோடியையும் எழுதுங்கள். அங்கே யார் நின்றார், எதில் குடித்தார், யார் வார்த்தார் என்று எழுதுங்கள். அதற்கு மனமில்லையென்றால், அந்த வளவை 'எங்கள் மண்' என்று எல்லோர் பெயரிலும் உறுதி முடிக்காதீர்கள்.