கடல்நீர் ஆலைகளும் கரையோர ஊர்களும்: எங்கள் மீனவர் சங்கத்தின் நிலைப்பாடு

சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. மீஞ்சூருக்கு அருகே 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர். அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை. இவ்வளவுக்கும் குழாய்கள் கரை வழியாகத்தான் கடலுக்குள் இறங்கியாக வேண்டும்.

வரைபடத்தில் கரை காலி நிலமாகத் தெரியும். கரைவலைக்காரரைக் கேட்டால் வேறு சொல்வார். ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, படகில் போய் வலையை வளைத்து, மறு கயிற்றைத் தள்ளி ஓரிடத்தில் கரைசேர்ப்பார்கள். இரு பக்கமும் ஆட்கள் இழுத்துக்கொண்டே நெருங்குவார்கள். அந்த இடைவெளி முழுக்க வெறும் மணலாக இருக்க வேண்டும். ஒரு கருங்கல் தட்டினால் வலையின் மடி கிழியும். அன்றைய பாடு போச்சு.

ஆகவே, குழாய்கள் கரைக்கும் கடலடித் தரைக்கும் கீழே துளையிட்டுப் போக வேண்டும். குழாயைக் காக்கவென்று கரையில் கல் கொட்டுவதை ஏற்க மாட்டோம். இந்தப் பக்கத்தில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்ததில் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. இங்கே போடும் கல்லும் வடக்கே உள்ள ஊரின் மணலைத்தான் பிடித்து வைக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையை முடித்துவிடுகிறோம் என்பதும் பதிலாகாது. அந்த 61 நாள் தடை விசைப்படகுக்கு. எங்கள் ஃபைபர் படகுகளுக்கு அதுதான் நல்ல காலம்.

100 லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 40 முதல் 45 லிட்டர்தான் குடிநீராகும். மீதி ஏறக்குறைய இருமடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. கனத்த நீர் அடியில் படியும். நண்டும் இறாலும் இருப்பது அங்கேதான். அந்த உப்புநீரைப் பல துளைகள் வழியே பீய்ச்சி, உடனே கடலோடு கலக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு 2006-ல் வந்த ஆலை அப்படித்தான் செய்கிறது. அங்கே அடிநீரின் ஆக்சிஜனையும் அளந்து பார்த்தார்கள். இங்கும் அளக்க வேண்டும். அந்த எண்கள் மீன் ஏலக்கூடத்துப் பலகையில் தமிழில் ஏற வேண்டும். அறிக்கையின் பின்னிணைப்பில் கிடந்தால் யார் படிப்பது?

இந்த வேலைகளால் தொழில் கெட்டால் தரும் இழப்பீட்டுக்குப் படகை மட்டும் எண்ணும் பட்டியல் செல்லாது. பங்குக்கு வலை இழுப்பவரும் கூடை சுமக்கும் பெண்களும் அதில் இருக்க வேண்டும்.

கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தர, தலா 4.5 கோடி லிட்டர் நிலையங்கள் உள்ளன. கடலில் இன்னோர் ஆலை யோசிக்கும் முன் இவற்றைப் பெருக்குங்கள். அதுவும் யாரோ ஒருவர் வாசலருகேதான் என்பது எங்களுக்குத் தெரியும். தொட்டிகளுக்கு மூடி போடாமல், நாற்றத்தை வடிகட்டாமல் கட்டினால் அந்தத் தெருக்காரர்களோடும் நிற்போம்.

சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இடம் முடிவாகும் முன்பே ஊர்க்கூட்டம் வேண்டும். அலுவலக அறையில் காலை பதினொரு மணிக்கு வேண்டாம். பாடு முடிந்து, வலை காயப்போட்ட பிறகு, கரையில் வையுங்கள்.