டிரைவர் ஒருவர்.. லாரி மூன்று! ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடுவது எப்படி? ஆரணி ரோட்டுக்கு இது செட் ஆகுமா?

ஆரணியில் இருந்து பட்டுச்சேலைக் கட்டுகளும் அரிசி மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு மூன்று லாரிகள் சென்னைக்குக் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் லாரியில் மட்டும்தான் டிரைவர். மற்ற இரண்டும் தானாகவே பின்தொடர்கின்றன. சினிமா மாதிரி இருக்கிறதா? ஜப்பானில் இது நடந்தே விட்டது.

என்ன நடந்தது?

2021 பிப்ரவரி 22. ஷின்-டோமெய் விரைவுச்சாலையில் மூன்று லாரிகள் மணிக்கு 80 கி.மீ வேகத்தில், சுமார் 9 மீட்டர் இடைவெளியில் ஓடின. பின்னால் வந்த இரண்டிலும் டிரைவர் சீட் காலி. பாதுகாப்புக்காகப் பக்கத்து சீட்டில் மட்டும் ஒருவர். இந்த முறைக்குப் பெயர் 'பிளாட்டூனிங்'.

9 மீட்டர் போதுமா?

மனிதருக்குப் போதாது. 80 கி.மீ வேகத்தில் லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். முன்னால் சடன் பிரேக் போட்டால், பின்னால் வருபவர் சுதாரிக்க ஒரு விநாடி ஆனாலே மோதல்தான். அதனால்தான் முதல் லாரி பிரேக் பிடித்த தகவல் வயர்லெஸ் மூலம் உடனடியாகப் பின்னால் போகிறது. ரேடார் இடைவெளியை அளக்கிறது. கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிராஃபிக்கில் கவனித்திருப்பீங்க. முன்னால் ஒருவர் லேசாக பிரேக் தொட்டால், பத்தாவது வண்டி நின்றே விடும். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பதை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இது. தலைமை லாரியின் தகவல் எல்லா லாரிகளுக்கும் நேரடியாகப் போனால் இது அடங்கும்.

லாபம் என்ன?

நெருங்கி ஓடினால் காற்றின் எதிர்ப்பு குறையும், டீசல் மிச்சமாகும். ஆனால் டெய்ம்லர் நிறுவனம் பல ஆண்டுகள் சோதித்துவிட்டு, 2019 ஜனவரியில் இந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை. வரிசை கலைந்து மறுபடி சேர வேகமெடுக்கும்போது, கிடைத்த மிச்சமும் கரைந்தது.

நம்ம ஊருக்கு வருமா?

ஆரணியில் இருந்து ஆற்காடு வழியாகப் போய் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். அந்த ரோட்டில் 9 மீட்டர் கேப் கிடைத்தால் நாலு பைக்காவது நுழைந்துவிடும். நுழையும் ஒவ்வொரு முறையும் வரிசை கலையும்.

சட்டத்தில் வழி இருக்கிறது. புதிய வாகன ஆராய்ச்சிக்காக விலக்கு தர 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் டிரைவர் இல்லாத கார்களை அனுமதித்தால் பலரின் வேலை பறிபோகும் என்று 2017-லேயே எதிர்ப்பு தெரிவித்தவர் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி.

ஆக, லாரி டிரைவர்கள் இப்போதைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பின்தொடர லாரிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்த 9 மீட்டரை விட்டுவைக்க நம்ம ரோடு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.