இரண்டு வரி இங்கிலீஷ்

மயிலாப்பூரில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. கபாலீசுவரர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள் கூட, வெளிநாட்டுக்காரர் யாராவது வந்து நின்றால், "ஃப்ரெஷ் ஸார், ட்வென்டி ருபீஸ்!" என்று வியாபாரத்தை முடித்துவிடுவாள். ஆனால், "அதையே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பட்டம் வாங்கியவர்கள் கூடப் பேனாவைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவார்கள்! பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து நின்று சாட்சி சொல்லும். அந்தப் பயந்தான்.

தியாகராய நகரில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். வீட்டு அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கம். பள்ளிக்கூடப் படிப்பெல்லாம் தமிழில். கணக்கில் புலி. பிள்ளை ஏழாவது படிக்கிறான், இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அவனுக்கு இரண்டு நாளாக ஜுரம். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்து டைரியில் தாயார் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாள் யோசித்து யோசித்து இப்படி எழுதினாள்: "மை ஸன் இஸ் ஸஃபரிங் ஃபீவர் ஸின்ஸ் டூ டேஸ்."

பிள்ளை எட்டிப் பார்த்தான். "வேண்டாம்மா, நீ எழுதாதே. மிஸ் பார்த்தா சிரிப்பாங்க. அப்பா வந்து எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பிள்ளை தாயைத் திருத்தினால் தவறில்லை, அது பெருமைதான். ஆனால் பிள்ளை தாயை மறைக்கிறானே, அது வேறு விஷயம். ஒரு வரி தப்பாக இருந்ததற்காக ஒரு தாயார் தன் வீட்டிலேயே ஒரு படி கீழே இறங்கி நிற்க வேண்டுமா? இதைத்தான் இன்று உங்களோடு பேசலாம் என்று எண்ணினேன்.

அந்த அம்மாள் முட்டாள்தனமாக எழுதவில்லை. தமிழைச் சரியாக எழுதியிருக்கிறாள், இங்கிலீஷ் வார்த்தைகளில்! "இரண்டு நாளாக ஜுரம் அடிக்கிறது" என்றுதானே நாம் சொல்கிறோம்? நமக்கு அது நிகழ்காலம். இங்கிலீஷ்காரனோ, "முந்தாநாள் ஆரம்பித்தது இன்றுவரை வந்திருக்கிறது" என்று இரண்டு காலத்தையும் முடிச்சுப் போடுகிறான். ஆகவே "இஸ்" போதாது, "ஹாஸ்" வேண்டும். "மை ஸன் ஹாஸ் ஹாட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்" என்றால் சரி.

"ஸின்ஸ்" எங்கே, "ஃபார்" எங்கே என்று திகைக்க வேண்டாம். தமிழே வழி சொல்கிறது. "திங்கட்கிழமையிலிருந்து" என்று "இருந்து" வந்தால் ஸின்ஸ். "இரண்டு நாளாக" என்று "ஆக" வந்தால் ஃபார். ஒன்று புறப்பட்ட இடம். மற்றது நடந்த தூரம். அவ்வளவுதான்!

நமக்கு மட்டுமா இந்தச் சங்கடம்? லஸ் முனையில் சற்று நில்லுங்கள். அந்த "லஸ்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1516-ல் போர்ச்சுகீசியர் கட்டியதாகச் சொல்லப்படும் ஒளி மாதா கோயிலிலிருந்து. அவர்கள் பாஷையில் "லூஸ்" என்றால் வெளிச்சம். பக்கத்து வீட்டு ஸ்பானிஷ் பாஷையிலும் அதே சொல், அதே எழுத்து, அதே பொருள். ஸ்பெயின் தேசத்துக்காரர் ஒருவர் லஸ் முனையில் வந்து இறங்கினால், பலகையைப் பார்த்ததும் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போல மகிழ்ந்து போவார்.

அவரிடம் இங்கிலீஷில் எழுதச் சொல்லிப் பாருங்கள். "பத்து வருஷமாக இங்கே வசிக்கிறேன்" என்பதை அவரும் நம்மைப் போலவே நிகழ்காலத்தில் எழுதித் தவறுவார். நம் கிராமத்துப் பாட்டி "இஸ்கூல்", "இஸ்டேஷன்" என்கிறாள் அல்லவா? அவரும் "எஸ்கூல்", "எஸ்டேஷன்" என்பார். ஏனென்றால் அவர் பாஷையிலும் சொல்லின் முதலில் "ஸ்" என்ற மெய் இன்னொரு மெய்யோடு ஒட்டிக்கொண்டு வராது. முன்னால் ஓர் உயிர் வந்து கைகொடுக்க வேண்டும். இராமனுக்கும் உலோகத்துக்கும் நாம் முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்தது போலத்தான்!

இன்னொன்று. நாம் "வந்தேன்" என்றால் போதும், "நான்" வேண்டாம். வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறான். ஸ்பானிஷிலும் அப்படியே. ஆகவே இருவரும் இங்கிலீஷில் எழுதும்போது எழுவாயை மறந்துவிடுகிறோம். "ரீச்ட் ஸேஃப்லி" என்று தந்தி பாஷையில் எழுதுகிறோம். இங்கிலீஷ் வினைக்குப் பெரும்பாலும் வால் கிடையாது. அதனால் தலை அவசியம் வேண்டும். மழை பெய்தால் கூட "இட்" என்று ஒரு தலையை வைத்தாக வேண்டும்!

ஆனால் எல்லாக் குழியிலும் எல்லோரும் விழுவதில்லை. ஸ்பானியருக்கு மேஜை பெண், புத்தகம் ஆண். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று கணக்குத் தெளிவு. "ஹீ, ஷீ, இட்" நமக்குச் சுலபம். அவர் "கறுப்புகள் பூனைகள்" என்று அடைமொழிக்கும் பன்மை போடுவார், நாம் போடமாட்டோம். அதற்குப் பதில் நாம் வேறிடத்தில் விழுகிறோம். பாண்டிபஜாரில் "பத்து மாம்பழம் கொடுங்கள்" என்று வாங்கிப் பழகிய வாய், "டென் மாங்கோ" என்று எழுதிவிடுகிறது. பத்து என்று சொன்ன பிறகு பழங்கள் என்று எதற்கு என்பது நம் சிக்கனம்! இங்கிலீஷ்காரனுக்கு அந்தச் சிக்கனம் பிடிக்காது.

ஸ்பானியக் குடும்பத்தில் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்து, வாலிப வயதில் அமெரிக்கா திரும்பி இங்கிலீஷ் கற்ற ராபர்ட் லாடோ என்பவர், 1957-ல் இதையெல்லாம் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். தாய்ப் பாஷையும் புதுப் பாஷையும் எங்கே ஒத்துப்போகின்றனவோ அங்கே சுலபம், எங்கே பிரிகின்றனவோ அங்கே கஷ்டம் என்பது அவர் கட்சி. பிறகு 1967-ல் பிட் கார்டர் என்ற அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். கற்பவன் செய்யும் தவறு அவன் மூளை வேலை செய்வதற்கு அடையாளம். அவன் தனக்குள் ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டு அதன்படி நடக்கிறான் என்றார். இங்கிலீஷ்காரர் வீட்டுக் குழந்தையே "வென்ட்" என்பதற்குப் பதில் "கோட்" என்று சொல்லித்தானே வளர்கிறது!

சரி, இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழர்களை மிகவும் ஆட்டிவைப்பது எது? "எ", "ஆன்", "தி" என்ற மூன்று பொடிச் சொற்கள்.

"எ" எங்கே, "ஆன்" எங்கே என்பது நமக்குப் புதிதே அல்ல. "ஒரு கடை", ஆனால் "ஓர் ஊர்" என்று நம் இலக்கணமும் சொல்கிறது. உயிருக்கு முன் "ஓர்", மெய்க்கு முன் "ஒரு". அதே சட்டந்தான் அங்கேயும். ஆனால் கண்ணால் பார்க்காதீர்கள்; காதால் கேளுங்கள். "அவர்" என்ற மணிக்கணக்குச் சொல்லை எழுதும்போது முன்னால் "ஹெச்" இருக்கும், ஓசையில் இல்லை. ஆகவே "ஆன் அவர்". யூனிவர்ஸிடிக்கு முதல் எழுத்து "யு" என்ற உயிர். காதிலோ "ய்" என்ற மெய் விழுகிறது. ஆகவே "எ யூனிவர்ஸிடி".

"தி" தான் பெரிய வம்பு. "தமிழில் அது இல்லையே!" என்பீர்கள். தனிச் சொல்லாக இல்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது. "புத்தகம் வாங்கினேன்" என்கிறீர்கள். ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அந்த "ஐ" என்ற இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிற வேலையைத்தான் "தி" செய்கிறது. இது நூற்றுக்கு நூறு பொருந்தும் சட்டம் அல்ல. மனிதர்களைச் சொல்லும்போது "ஐ" எப்படியும் வந்துவிடும். ஆனாலும் சந்தேகம் வரும்போது "எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியுமென்றால் "தி". தெரியாதென்றால், ஒன்றாக இருந்தால் "எ"; பலவாகவோ, பால் தண்ணீர் போல எண்ணமுடியாததாகவோ இருந்தால் ஒன்றும் வேண்டாம். அடையாறு, மயிலாப்பூர் என்ற ஊர்ப் பெயருக்கும் இந்த அலங்காரம் வேண்டாம்.

அடுத்தது, நம் வேற்றுமை உருபுகளை அப்படியே பெயர்ப்பது. "என் மேல் கோபம்" என்பதை "ஆங்ரி ஆன் மீ" என்று எழுதுகிறோம்; அவர்களுக்குக் கோபம் மேலே ஏறாது, கூடவே வரும்; "வித் மீ" என்பார்கள். "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதில் வரும் "பற்றி"யை விடமனமில்லாமல் "டிஸ்கஸ்ட் அபவுட் இட்" என்கிறோம். "டிஸ்கஸ்" தனியாகவே குடித்தனம் நடத்தும். ஸ்பானியருக்கும் இதே தொல்லை: அவர் பாஷையில் "உன்னைக் கனவில் கண்டேன்" என்பது "உன்னோடு கனவு கண்டேன்" என்று இருக்கும், அதை அப்படியே இங்கிலீஷாக்கி விழிப்பார். இதற்குச் சட்டம் தேடாதீர்கள். ஒவ்வொரு வினையையும் அதன் ஜோடியோடு சேர்த்து, கல்யாணப் பத்திரிகையில் தம்பதி பெயரைப் படிப்பது போல, ஒன்றாகவே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வாக்கியத்தின் நீளம். "பாண்டிபஜார் போய், புடவை வாங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, மாமியாரிடம் காட்டினேன்." ஐந்து காரியம், ஒரே முற்றுவினை! தமிழின் அழகு அது. இதை இங்கிலீஷில் கொண்டுபோனால் "கோயிங், பையிங், கமிங்" என்று சரம் சரமாய்த் தொங்கும். அங்கே முற்றுவினை எழுவாயின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆகவே வெட்டுங்கள். ஒரு காரியத்துக்கு ஒரு வாக்கியம். குட்டி வாக்கியம் குழந்தைத்தனம் என்று நினைக்க வேண்டாம். சட்டென்று புரிவதுதான் நல்ல எழுத்து.

எழுத்துக் கூட்டலைப் பற்றி வருத்தமே வேண்டாம். கூடியவரை ஒலித்தபடி எழுதுகிற பாஷை நம்முடையது, ஸ்பானிஷும் அப்படியே. இங்கிலீஷ் அப்படி அல்ல. 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று; உச்சரிப்போ மாறிக்கொண்டே போயிற்று. "நைஃப்" என்ற கத்தியின் முன்னால் நிற்கும் "கே" ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. இன்று அது வேலை போன பிறகும் வாசலில் நிற்கும் காவல்காரன். அவர்கள் செய்த குழப்பத்துக்கு நீங்கள் ஏன் வெட்கப்படுகிறீர்கள்? இந்தக் காலத்தில் கைபேசி எழுத்துக்கூட்டலைத் திருத்திவிடும். ஆனால் நீங்கள் நினைத்தது எந்தப் புத்தகம் என்று அதற்கு எப்படித் தெரியும்? யோசிக்கிற வேலை உங்களுடையதுதான்.

"தப்பாக எழுதினால் சிரிப்பார்களே?" என்று கேட்கிறீர்களா?

லஸ்ஸில் ரானடே நூலகத்தோடு சேர்ந்து ஸ்ரீநிவாச சாஸ்திரி ஹால் இருக்கிறது. 1869-ல் வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக இருந்து, இங்கிலீஷ்காரர்களே வியக்கும்படி இங்கிலீஷ் பேசிய வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் பெயரால் அமைந்தது அது. காந்திஜி குஜராத்தியில் எழுதிய சுயசரிதத்தை மகாதேவ தேசாய் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். தேசாய் எத்தகைய எழுத்தாளர்! ஆயினும் 1940-ல் வந்த இரண்டாம் பதிப்புக்கு முன்னால் அதை ஒரு பெரியவரிடம் கொடுத்துப் பாஷையைத் திருத்தி வாங்கினார். முன்னுரையில் அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். திருத்தியவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: தம் பெயரை எங்கும் வெளியிடக் கூடாது! அவர் சாஸ்திரியார்தான் என்பது பிற்பாடு உலகறிந்த விஷயமாயிற்று.

பார்த்தீர்களா? தேசாய் திருத்தி வாங்க வெட்கப்படவில்லை. திருத்தியவரோ தம்மை மறைத்துக்கொண்டார், எழுதினவரை மறைக்கவில்லை. படித்த குழந்தைகள் உள்ள வீடுகளில் இந்தக் கதையை ஒரு முறை சொல்லிவைப்பது நல்லது.

ஆகவே ஒரு யோசனை. தினம் இரண்டே வரி, உங்கள் வீட்டுச் சங்கதியை, இங்கிலீஷில் எழுதுங்கள். பால் திரிந்தது, தண்ணீர் லாரி வரவில்லை, மாமியார் சிரித்தார், எதுவானாலும் சரி. எழுதிய பின் நாலு கேள்வி: எழுவாய் இருக்கிறதா? காலம் சரியா? "தி" வேண்டுமா? பத்துக்குப் பின்னால் பன்மை வந்ததா? பிறகு வீட்டில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது உங்கள் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. அவன் திருத்தட்டும், கிழிக்க மட்டும் விடாதீர்கள்.

அவன் ரொம்பக் கெட்டிக்காரத்தனம் காட்டினால், "ஒரு ஊரா, ஓர் ஊரா? சொல்லுடா கண்ணா!" என்று கேட்டுவையுங்கள். கணக்குச் சரியாகிவிடும்!