பிள்ளைகளின் கோபத்துக்குச் சத்துப் பவுடர் மருந்தாகுமா?

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லும்போது அங்கத்தினர் இல்லங்களின் கணக்கும் ஓரளவு காதில் விழுவது இயல்பு. நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் நெசவாளரும் விவசாயிகளும் அண்மைக் காலமாக ஒரே குறையைச் சொல்லி வருகிறார்கள். பதினாறு வயதுப் பையன் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறான். பாடத்தில் மனம் செல்வதில்லை. பெண்ணோ சோர்ந்து கிடக்கிறாள் என்பதே அது. இதற்குப் பரிகாரமாகச் சத்துப் பவுடர் டப்பாக்களும் டானிக் புட்டிகளும் வாங்கப்படுகின்றன. கூலி உயர்வுக்கும் வட்டிக் குறைப்புக்கும் வாதாடும் நாம், இந்தச் செலவு தகுமா என்றும் ஆராய வேண்டாமா?

உணவுக்கும் நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இங்கிலாந்தில் ஐல்ஸ்பரி சிறைச்சாலையில் 231 இளைஞர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு வைட்டமின்களும் தாது உப்புக்களும் கொழுப்பு அமிலங்களும் அடங்கிய மாத்திரைகள். மறு பகுதியினருக்குச் சத்தற்ற போலி மாத்திரைகள். சத்து மாத்திரை உண்டவர்கள் சிறை விதிகளை மீறியது, மற்றவர்களைவிடச் சுமார் 26 சதவீதம் குறைவு. நெதர்லாந்தில் 221 இளங்கைதிகளிடம் நடந்து, 2010இல் வெளியான சோதனையிலும் அத்துமீறல்கள் குறைந்தன. எனினும் கோபக் குணத்தை அளந்த பிற அளவைகளில் மாற்றம் தென்படவில்லை. இவற்றிலிருந்து நான் கொள்ளும் அபிப்பிராயம் இது: சத்து, குறையை நிரப்பும், குணத்தைப் படைக்காது.

நம் பிள்ளைகளிடம் அக்குறை உண்டா? 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. இரும்புச் சத்து குன்றினால் களைப்பும் எரிச்சலும் கவனக் குறைவும் தோன்றும். அதைத்தான் நாம் திமிர் என்றும் சோம்பல் என்றும் கடிந்துகொள்கிறோம்.

இதற்கான மருந்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச் சத்து மாத்திரை இலவசமாக வழங்கும் திட்டம் உண்டு. குடற்புழு நீக்க மாத்திரையும் ஆண்டுக்கு இருமுறை உண்டு. வயிற்றைப் பிரட்டுகிறது என்று அதை எறிந்துவிடும் பிள்ளைகளும் உளர். உணவுக்குப் பின் உட்கொண்டால் அத்தொல்லை குறையும். உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அது சேர உதவும்.

டப்பாவின் மீதுள்ள விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்றொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதைக் காட்டி, அத்தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை நீக்குமாறு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1956இல் காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிந்த மதிய உணவுத் திட்டம் பத்தாம் வகுப்புடன் நின்றுவிடுகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கானது. பசி மிகுந்த பதினாறு வயதில் பிள்ளை வெறும் வயிற்றுடன் பஸ் ஏறினால், அவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

இவ்விடத்தில் சங்கங்கள் செய்யக்கூடியது உண்டு. நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. விளைவிப்போர் சங்கம் இவற்றை நெசவாளர் சங்கத்துக்கு நேராக விற்றால் இரு சாராருக்கும் இலாபமே. மகாசபை கூடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்யலாம். குறை தெரிந்த பின்னரே மருந்து; அதுவும் மருத்துவர் சொன்ன அளவே. இரும்புச் சத்து அளவுக்கு மிஞ்சினாலும் தீங்கே.

பரிசோதனையில் குறை ஏதும் இல்லையெனில், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. உறக்கமின்மை, கைபேசி, தேர்வு அச்சம், வீட்டுக் கடன் பற்றிய சச்சரவு ஆகியவற்றைப் பவுடர் கரைக்காது. அங்கே வேண்டுவது பெற்றோரின் செவியும், தேவையானால் மனநல மருத்துவரின் உதவியும். அடுத்த டப்பாவுக்குப் பணம் எடுக்குமுன், பிள்ளை காலையில் என்ன உண்டான் என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்டறிவாராக.