நெய்தலை மனனம் செய்தது போதும்

நெய்தல் நிலத்துக்குத் தெய்வம் வருணன், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல் என்று கேட்டவுடன் ஒப்புவிக்கும் மாணவர் நம்மிடையே பலர் உளர். ஆசிரியப் பயிற்சிக்கு வரும் இளைஞரும் அவ்வாறே ஒப்புவிக்கின்றனர். அவர்களிடம், “கழிமுகத்தில் இன்று காலை ஆறு மணிக்கு நீர் பெருகி நின்றதெனில், நாளைக் காலை எப்போது பெருகும்?” என்று வினவிப் பாருங்கள். விடை வாராது. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும் என்பதை ஏடறியாத வலைஞன் அறிவான். நெய்தலில் முழு மதிப்பெண் பெற்றவன் அறியான். இதனை இலக்கியக் கல்வி என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

“தேயிலை மலையில் பிறந்த பிள்ளைக்கு மீன்பிடி எதற்கு ஐயா?” என ஆசிரிய நண்பர் சிலர் கேட்கின்றனர். கேமரன் மலையின் நீர் எங்கே போகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை போலும்! தெலோம், பெர்த்தாம் ஆறுகள் இயல்பாகப் பகாங் ஆற்றைச் சென்று சேர்பவை. 1963இல் ரிங்லெட்டில் அணை எழுந்தபின், அவற்றின் மேல்நீர் மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே பேராக் பக்கம் திருப்பப்பட்டு, மின்னாக்கும் பணி முடித்துப் பத்தாங் பாடாங் ஆற்றில் விழுகிறது. அங்கிருந்து பீடோர் ஆறு. பின்னர்ப் பேராக் ஆறு. முடிவில் பாகான் டத்தோவை அடுத்த கழிமுகம். நம் கொழுந்து நிரைகளின்மேல் பெய்யும் மழை, சிறுபடகுக்காரன் வலை விரிக்கும் நீரோடு கலக்கிறது. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் உள்ள இவ்வுறவைக் கற்பிக்க எந்த நூற்பாவும் தடை சொல்லவில்லை.

கழிமீன்பிடி எளிய தொழிலன்று. சென்னைக் கரையில் நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டரை ஒட்டியது. கிள்ளான் துறைமுகத்திலோ, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது நான்கு மீட்டரையும் கடக்கும். மலாக்கா நீரிணைக் கரை சரிவு குறைந்தது. ஆறுகள் கொணரும் வண்டலும் மிகுதி. எனவே நீர் வற்றினால் சேற்றுவெளி நெடுந்தொலைவு விரிந்து கிடக்கும். பெருக்கோடு உள்ளே நுழைந்தவன் வற்றுமுன் வெளியேற வேண்டும்; தவறினால் படகு சேற்றில் அமரும், மறுபெருக்கு வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பதே கதி. பாக் விரிகுடாவின் ஆழமற்ற கரைகளில் கழிகளை வேலிபோல் ஊன்றிக் களங்கட்டி வலை அமைப்பர். ஏறும் நீரோடு வரும் மீன், நீர் இறங்குகையில் தானே அகப்படும். நிலவின் கணக்கை வயிற்றுப் பிழைப்பாக்கிய அறிவியல் இது!

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. வலை ஊன்றத்தக்க இடங்களைப் பட்டினவர் சிற்றூர்கள் தமக்குள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல துறை ஒருவனுக்கே என்றும் உரியதாகாது. (அம்முறை எல்லாக் குலத்தாருக்கும் இடந்தரவில்லை என்ற குறையும் உண்டு, அதனையும் மாணவர் விவாதிக்கட்டும்.) நாமோ ‘பாடு’ என்பதற்கு உழைப்பு, துன்பம் என்று எழுதச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். நீரோட்டத்தை மீனவர் ‘நீவாடு’ என்பர். காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைதோறும் பெயர் வைத்துள்ளனர். ‘கட்டுமரம்’ ஆங்கிலேயன் நாவிலும் ஏறிவிட்ட சொல். இத்துணையும் வழக்கில் இருக்க, தமிழில் சொல்வளம் போதாதென்று கலைச்சொல்லாக்கக் கூட்டம் கூட்டுவோர் ஒருமுறை கடற்கரைக்குச் சென்று வரட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “படிக்காவிட்டால் மீன் பிடிக்கத்தான் போவாய்” என்று வகுப்பில் ஏசும் வழக்கம் நம் ஆசிரியரிடையே இன்னும் மறையவில்லை. பரதவரைப் பாடிய செய்யுளைக் காலையில் வியந்து நடத்திவிட்டு, மாலையில் அவர் தொழிலையே வசையாக்குவது என்ன நாணயம்? இதே நாவுதான் மலைப்பள்ளியில் “கொழுந்து பறிக்கத்தான் போவாய்” என்கிறது. பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பவனின் தாய், அவ்வேளையில் கூடை சுமந்து சரிவில் நிற்கிறாள். அவளிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லித்தான் நாம் மதிப்பெண் அட்டையை அனுப்புகிறோம்.

தேர்வுத்தாளில் கருப்பொருள் பட்டியல் கேட்கும் ஒரு வினாவையேனும் நீக்கி, அவ்விடத்தில் ஒரு வாரத்துக்கான பெருக்கு, வற்று நேரங்களைத் தந்து, எந்நாளில் எவ்வேளையில் படகு இறக்கலாம் எனத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வகுப்புச் சுவரில் பிறைக் கணக்கு தொங்கட்டும். பாகான் டத்தோ தென்னந்தோட்டங்களை ஒட்டியும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நம் மாணவர் அங்குள்ள மாணவருக்கு மடல் எழுதட்டும்: “எங்கள் மலையில் நேற்று இரவெல்லாம் மழை. உங்கள் ஆற்றுமுகத்தில் நீர் எந்நிறமாக உள்ளது? இன்று எத்தனை மணிக்கு வற்றியது?”